மண்சட்டியும் ஞாயிற்றுக்கிழமை லீவும்

இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டியை வைத்துவிட்டு, மீன் குழம்பு கொதிக்கும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்த அறிவாளி நான்தான். போதாததற்கு, ‘அடுப்பு பழுது’ என்று ஓட்டல் ஆப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டுப் புகாரும் எழுதினேன்.

காரைக்காலில் அது ஒரு பழைய ஓட்டல். ஊருக்கு ஊர் கிளை உண்டு. ஹாலும் சமையல் மேடையும் உள்ள அறை என்றதும், கருக்களாச்சேரியில் சங்கரா மீனும் வழியில் சட்டியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

புகாரைப் பார்த்த மேனேஜர் அனுப்பி, அறை சுத்தம் செய்கிற அக்கா வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சிலுவை, நீலக் கோட்டுப் பையில் ஒரு டேப் சுருள். எதில் விரிசல் கண்டாலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டிவிடுவார். ரிமோட், அலமாரிக் கைப்பிடி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் அவர் தயவில்தான் நின்றன.

சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சட்டி உடனே சூடானது; இந்த அடுப்புக்கு இரும்புதான் ஆகும், மண் ஆகாது.

“புகார் வந்தா இந்த மாடியில வேல பாக்குறவ லீவத்தான் சார் வெட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை எம்பொண்ணு மாதா கோயில்ல மொதமொதலா அப்பம் வாங்குற புதுநன்மை விழா சார்.”

மீனை அப்படியே விட்டுவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். கோளாறு அடுப்பில் இல்லை, என் தலையில்தான் என்று சொல்லி, புகாரை அவர் கண்ணெதிரே அழித்தேன்.

மறுநாள் விரிப்பு மாற்ற வந்தவரிடம், “லீவு கிடைச்சிடுச்சாங்க? வேணும்னா உங்களப் பாராட்டி அஞ்சு நட்சத்திரம் போட்டு எழுதட்டுமா?” என்றேன்.

ரிமோட்டில் பிரிந்திருந்த டேப்பை அழுத்திவிட்டபடி சொன்னார்:

“லீவு கெடச்சிடுச்சு, நீங்க ஒண்ணும் எழுதாதீங்க.”