கறுப்புக் கச்சை

வளைகுடாவில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் நான் நிர்வாக அலுவலராக இருந்த கடைசி வருடம் அது. கேட் பாஸ் புதுப்பிக்க என்னென்ன தாள், எந்த வரிசை, எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கையெழுத்துப் போடுகிறவரின் மனநிலை மட்டும் எந்தப் படிவத்திலும் வராது.

அன்று நான்கு மணியோடு ஒரு வெல்டரின் பாஸ் முடிகிறது. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், பன்னிரண்டு வருட சர்வீஸ். அவர் வெல்டிங் தேர்வில் தேறிய அட்டையில் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டால்தான் புது பாஸ், பிழைப்பு. இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். இன்ஸ்பெக்டர் மெக்சிகோக்காரர். லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார்.

மூன்று மணிக்கு நானும் வெல்டரும் அட்டையோடு இன்ஸ்பெக்டர் கேபினுக்குள் நுழைந்தோம். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். சுவரில் அவருடைய குவாதலூப்பே மாதா படம். அதற்கு யாரோ நீலப் பட்டுத்துணியில் கொசுவம் வைத்துச் சேலை கட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. லீவில் போகும்போது அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது இந்த வெல்டரிடம்தான்.

யார் இதைச் செய்தது என்று இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

வெல்டர் என் காதருகே முணுமுணுத்தார். “எங்கூர்ல திருநாளுக்கு மாதாவுக்குச் சேலை சாத்தாம இருப்பமா சார்?”

சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கி முப்பது வருடம் உபயோகமில்லாமல் வைத்திருந்தவன் நான். ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்துக் கோயில்களை இடித்த பத்தே வருடத்தில், பூர்வகுடி ஏழை ஒருவனின் மேலாடையில் பதிந்த படம் இது என்பது அவர்கள் நம்பிக்கை. அவன் நிறத்தில் வந்து அவன் மொழியில் பேசிய மாதா. வாளால் ஆகாத மதமாற்றம் அதற்குப் பிறகு ஆனது. கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து ஒரு பாதிரியார் இதே படத்தைக் கொடியாகத் தூக்கி ஸ்பெயினுக்கு எதிராகக் கலகம் தொடங்கினார். அந்தப் படத்துக்குத்தான் எங்கள் ஆள் கொசுவம் வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் துணியை விலக்கி, படத்திலேயே மாதாவின் வயிற்றுக்கு மேலே இருந்த கறுப்புக் கச்சையைக் காட்டினார். எழுத்தறியாத தன் முன்னோர்கள் அதைப் பார்த்துத்தான் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று புரிந்துகொண்டார்களாம். எல்லாம் பறிபோன பிறகும் ஒரு குழந்தை வரப்போகிறது என்று நம்பினார்களாம். நீங்கள் மறைத்தது அதைத்தான் என்றார். மணி மூன்றரை. அட்டை மேஜையில் அப்படியே கிடந்தது.

மொழிபெயர்த்துச் சொன்னேன். வெல்டர் படத்தையே பார்த்தார்.

“முழுகாம இருக்காவளா? தெரியாமப் போச்சே சார். அப்போ சேலை மட்டும் பத்தாது, வளையல்லா போடணும்.”

இதைச் சொல்லலாமா கூடாதா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சொன்னேன். எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவார்கள், உள்ளே இருக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்கட்டும் என்று.

இன்ஸ்பெக்டர் சேலை முனையை வெல்டரிடம் நீட்டினார். பிறகு, கச்சை தெரியும்படி கீழே இறக்கிக் கட்டு என்றார். வெல்டர் கொசுவத்தை இறக்கிக் குண்டூசி குத்தினார். கடைசி மடிப்பு விழும்வரை பார்த்துவிட்டுத்தான் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

நான்குக்கு ஏழு நிமிடம். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாஸ் ஆபீசுக்கு ஓடினேன். என் பணிக்காலத்தில் நகல் எடுக்காமல் நான் ஒப்படைத்த ஒரே தாள் அது.