கச்சான் தோட்டத்து வலை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன். காசிம் நானா தன் கச்சான் தோட்டத்து வேலியோரம் குந்தியிருந்தார். கையில் ஒரு சாரைப்பாம்பின் கழுத்து!

"தம்பி, வீட்ட சவர பிளேட் இரிக்கா? ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."

ஓடினேன். பிளேட் எடுக்கத்தான் ஓடினேன் என்று நானா இன்றுவரை நம்புகிறார். நம்பட்டும்.

இது மயிலில் தொடங்கிய கதை.

நானா தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். யுத்தம் முடிந்த பிறகும் கற்பிட்டியிலேயே இருந்துவிட்டார். இத்தனை வருஷமும் மற்றவர்களின் வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை. இந்த முறைதான் ஒரு ஹாஜியார், சும்மா கிடந்த காணியைக் கொடுத்தார்.

"ஒரு போகம் செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா நீங்களே வெச்சிக்கோங்க. இல்லாட்டி நான் தென்னம்பிள்ளை வெக்கிறன்."

நானா கச்சான் போட்டார்; நிலக்கடலைதான். கூடவே மயில்கள் வந்தன. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் காகத்தைவிட மயில்தான் அதிகமோ என்று தோன்றுகிறது. அடிக்கவும் முடியாது... சட்டம்.

மயிலை வெருட்ட வெருளி கட்டினோம். என் பழைய சட்டையைக் கொடுத்தேன். மயில்கள் அதைச் சுற்றி நின்று மேய்ந்தன.

"உங்கட சட்டையெண்டு அதுகளுக்கும் விளங்கிட்டு போல" என்றார் நானா.

வீட்டிலும் அந்தச் சட்டைக்கு யாரும் பயந்ததில்லை.

பிறகு என் மச்சான், கடலுக்கு உதவாத தங்கூசி நைலோன் வலையைக் கொண்டுவந்து தோட்டத்தைச் சுற்றிக் கட்டினார். கிழிந்த வலைக்கு எங்கள் ஊரில் அடுத்த வேலை வேலிதானே? ஐடியா என்னுடையது என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (இப்போது யாராவது கேட்டால், மச்சானுடையது.)

மயிலுக்கு இறக்கை இருப்பதை எல்லோருமே மறந்துவிட்டோம். அது மேலால் வந்து, தின்று, மேலாலேயே போனது.

வலையில் மாட்டியதெல்லாம் ஊர்ந்து போகிற பாவங்கள். முதலில் ஒரு சாரை. பிறகு இன்னொன்று. ஓர் உடும்பு. தங்கூசி நூல் கண்ணுக்குத் தெரியாது. திமிறத் திமிற உடம்பை அறுக்கும். வெயிலில் தொங்கிச் செத்தன. பாம்புதானே, போகட்டும் என்றோம். கொஞ்சம் சந்தோஷப்பட்டோம் என்றே சொல்லலாம்.

பிறகு எலி வந்தது.

கச்சான் மண்ணுக்குள் காய்ப்பது. மேலே செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது — உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்? ஹாஜியார் பார்க்க வந்த அன்று நானா பெருமையோடு ஒரு செடியைப் பிடுங்கினார். வெறும் கோது; பருப்பை எலி தின்றிருந்தது. அடுத்ததும் கோது. அதற்கடுத்ததை அவர் பிடுங்கவில்லை.

ஹாஜியார் காணியின் அகலத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனார். மறுநாள் தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்ட ஆட்கள் வந்தார்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பிளேடை எட்ட நின்று நீட்டினேன். ஆத்திரத்தில் பாம்பை அறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ அதைச் சுற்றி இறுகியிருந்த வலையை அறுத்தார். ஒவ்வொரு கண்ணாக, தோலில் படாமல்.

"எல்லாம் முடிஞ்சுதே நானா. இனி என்னத்துக்கு இது?"

"என்ட கச்சான்தான் முடிஞ்சிது. எலி முடியல்லையே. நாளைக்குத் தென்னம்பிள்ளையையும் அது விடாது."

"ஹாஜியார்ர தென்னம்பிள்ளைக்கு நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?"

"அப்ப நீங்க பிடிக்கிறீங்களா எலி?"

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

கடைசிக் கண்ணும் அறுந்தது. பாம்பு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்காமல் புதிதாக வெட்டிய குழிகளுக்கிடையே போய் மறைந்தது. நானா வலையைச் சுருட்டத் தொடங்கினார்.

"இனி எங்க நானா?"

"வெங்காயத்துக்குத்தான். கூலிக்கு ஆள் தேடுறாங்களாம்."

வெருளியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. என் சட்டையின் தோளில் இப்போது ஒரு மயில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.