கெம்பம்மா திருத்திய முத்திரை

செவ்வாய்க்கிழமை காலை, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய என் ரப்பர் ஸ்டாம்பு கடையில் ஒரு சங்கத்துக்கு முத்திரை வெட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் மாரி வந்து நின்றார். “பாய், கெம்பம்மா மேல போயிட்டாங்க” என்றார்.

“போவட்டும், கூட்டம் இருக்குதில்ல” என்று நிமிராமலே சொன்னேன். கெம்பம்மாவின் ஊரான சுனைக்கொட்டாய் மலைமேல் இருக்கிறது. ஊர்க்கூட்டம் என்றால் எந்த வேலையையும் போட்டுவிட்டு மேலே போய்விடுவார். மாரி நகரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு மேலயுந்தானுங்க பாய்” என்றார்.

என் கையிலிருந்த பிளேடு கோணிக்கொண்டது. கூட்டத்துக்கென்று நடந்தே மலையேறிய கெம்பம்மா, தம்பி வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் சாய்கிறேன் என்று படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுனைக்கொட்டாய் இருளர் மக்களின் ஊர். ஐம்பது வீடுகளுக்கு மேல் இருந்த இடம். பல வருஷங்களுக்கு முன், கீழே வீடு தருகிறோம், ஆஸ்பத்திரி தருகிறோம் என்று சொல்லி லாரிகள் வந்தன. ஏற்றிக்கொண்டு போய் ஏரியூர் பக்கம் சிலரை, பாலக்கோடு பக்கம் கெம்பம்மா உட்படச் சிலரை, எங்கள் பென்னாகரத்துக்கு வெளியே சிலரை இறக்கிவிட்டுப் போயின. கடைசி லாரி மட்டும் வரவில்லை. வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். அதற்காகக் காத்திருந்த பதினோரு வீடுகள் மேலேயே தங்கிவிட்டன. அதில் ஒன்று கெம்பம்மாவின் தம்பி சித்தனுடையது. பிற்பாடு அவரே ஊர்த்தலைவர் ஆனார்.

எண்பதாம் வருஷம் பிறந்த புதிதில் ஒரு நாள் கெம்பம்மா என் கடைக்கு வந்தார். கரும்புச் சோகை கீறிய கைகள். முத்திரை ஒன்று வேண்டும் என்றார். எந்த ஆபீசுக்கு என்று கேட்டேன்.

“ஆபீசு இல்லீங்க பாய். நாங்கதான்.”

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் கோபிக்கவில்லை. அலமாரியில் இருந்த முத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடையது, இது யாருடையது என்று விசாரித்தார். சொசைட்டி, மன்றம், லாரி ஆபீஸ் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். “இத்தன பேருக்கு இருக்குது, ஒரு ஊருக்கு இருக்கக்கூடாதுங்களா?” என்றார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

மலையை விட்டு வந்தவர்களை இந்தப் பக்கம் எல்லோருமே ‘எறங்குனவங்க’ என்றுதான் சொல்வார்கள். நானும் யோசிக்காமல், ‘சுனைக்கொட்டாய் இறங்கியவர்கள் சபை’ என்று வட்டமாக வெட்டி வைத்தேன். ரப்பரில் எழுத்தைத் திருப்பி வெட்டவேண்டும். அதில் ‘ங்’கை வளைத்த வளைவில் எனக்கே பெருமை. கெம்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் குத்திக் காட்டி வாசித்தேன்.

அவர் முகம் மாறியது. “எறங்கல பாய். எறக்குனாங்க.”

ஒரு எழுத்துக்காக மொத்த ரப்பரும் போகிறதே என்று எனக்கு எரிச்சல். சரி, ‘இறக்கியவர்கள்’ என்று போடட்டுமா என்று கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்படிப் போட்டால் அது லாரிக்காரனின் முத்திரை ஆகிவிடும். ‘இறக்கப்பட்டவர்கள்’ என்றால்தான் சரி. ஆனால் அது வட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் நீள்வட்டமாக, என் கடையிலேயே பெரிய கைப்பிடி போட்டு, இரண்டு வரியில் வெட்டிக் கொடுத்தேன். இத்தனை வருஷத் தொழிலில் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்து நான் வெட்டிய முதல் முத்திரை அதுதான்.

அதைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். எங்கெங்கே இறக்கப்பட்டார்களோ அங்கெல்லாம் போய்ப் பெயர்களைச் சேகரித்தார். கணவன் பெயரோடு ஒட்டாமல் பெண்களுக்குத் தனி வரி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பட்டியலில் ‘மேல’ என்று ஒரு பகுதி, ‘கீழ’ என்று ஒரு பகுதி. கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் முத்திரை.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கல் எடுக்கும் ஒருவர் ஜீப்பில் மலையேறியபோதுதான் விளங்கியது. ஊருக்குத் தண்ணீர் தரும் சுனை ஒரு பெரிய பாறையின் அடியில் ஊறுகிறது. அந்தப் பாறையை உடைக்க, ஊரார் சம்மதம் என்று ஒரு காகிதம் அவருக்குத் தேவைப்பட்டது. பதினோரு வீட்டுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். பசித்த வீடுகள், யாரைக் குறை சொல்வது? சித்தன் கைநாட்டு வைக்கத் தயாராகிவிட்டார்.

கெம்பம்மா பட்டியலோடு மேலே போனார். நானும் போனேன். அக்காவைப் பார்த்ததும் சித்தன் எழுந்து நின்றார், ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். இறங்கியவர்களுக்கு இங்கே பேச்சு இல்லை, அதுதான் ஊர்க்கட்டு என்றார்.

“தம்பி, ஒரு லாரி வரல. உனக்கும் எனக்கும் அவ்ளோதான் வித்தியாசம்” என்றார் கெம்பம்மா.

பட்டியலை விரித்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். சித்தன் ஒரு முத்திரைமேல் விரல் வைத்தார், ‘இறக்கப்பட்டவர்கள்’ என்று நான் வாசித்துக் காட்டினேன். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் உள்ள எல்லோரும் வரட்டும், எல்லோரையும் கேட்டு முடிவு செய்வோம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏரியூர் பஸ்ஸில் ஒரு கூட்டம், பாலக்கோட்டிலிருந்து கரும்பு டிராக்டரில் ஒரு கூட்டம். மலையடியில் நான் மேஜை போட்டு உட்கார்ந்து, பெயர் பார்த்து ஒவ்வொருவர் புறங்கையிலும் முத்திரை குத்தினேன். ஊதா மை இரண்டு முறை தீர்ந்துபோனது. கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே ஏறினார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் ஏறினார். மலையை விட்டபின் ஒருமுறைகூடத் திரும்பிப் பாராதவர்கள் பாதையை மறக்காமல் ஏறினார்கள். எனக்கு அந்த மலையில் ஒரு சாண் நிலம் இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்காரனைப் போல ஓடிக்கொண்டிருந்தேன்.

மேலே போனதும் கெம்பம்மா ஏற்பாட்டைச் சொன்னார். பாறை வேண்டும் என்பவர்கள் பாறைமேல் ஏறி நிற்கவேண்டும். உடைக்கலாம் என்பவர்கள் கீழேயே நிற்கலாம், அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

ஏறினார்கள். பாறை கொள்ளவில்லை. இடம் இல்லாமல் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு வீட்டிலிருந்தும் பலர் ஏறிவிட்டார்கள். கீழே நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் சித்தனும் ஒருவர். கடைசி வரை அவர் ஏறவில்லை. ஆனால், “பாறைய ஒடைக்கறதில்ல, இது ஊர் முடிவு” என்று குரல் நடுங்காமல் அறிவித்தது அவர்தான். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அன்றிலிருந்து கீழே இருப்பவர்களுக்கும் கூட்டத்தில் பேச்சு உண்டு என்றானது. கெம்பம்மா ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. சமீபமாக மூச்சு வாங்கியது. நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். “என்னய ஏத்துறதும் எறக்குறதும் அந்த லாரிக்காரனோட போவட்டும். நானா ஏறிக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

நேற்று சித்தன் என் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை. கையில் அந்தப் பட்டியலும், துணியில் சுற்றிய முத்திரையும். இறந்தவர் பெயரை அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“அடிக்காதீங்க பாய். கீழ இருக்கற எங்கக்கா பேர மேல எழுதுங்க” என்றார். பட்டியலை என் பக்கம் தள்ளி, “அவங்களாத்தான் ஏறுனாங்க. யாரும் ஏத்தல” என்றார்.

எழுதினேன். பழக்கதோஷத்தில் கை முத்திரையை எடுத்துவிட்டது. மையில் ஒற்றியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மேலே இருப்பவர் பெயருக்கு அது வேண்டியதில்லை. நீங்களே திருத்தி வாங்கிய முத்திரை, கெம்பம்மா. உங்களுக்கு மட்டும் அதைக் குத்தாமல் கீழே வைத்துவிட்டேன். போய் வாருங்கள்.