நேர்த்தி எக்சர்சைஸில் சேராது

குமரேசன் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டு, அது தன்னுடையதே இல்லை என்பதுபோல் தள்ளி நின்றார். உள்ளே சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கிளினிக்கின் லேபில் நான் வேலை பார்த்த கடைசி வருடம் அது. குமரேசன் கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பல வருடமாகக் கான்ட்ராக்ட். இப்போதுதான் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லி மெடிக்கலுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால் வேலை. எழுதாவிட்டால் இருக்கிற கான்ட்ராக்டும் சந்தேகம்தான். மனைவி வேறு பிள்ளைத்தாய்ச்சி.

டிப்ஸ்டிக் என்கிற பரிசோதனைக் குச்சியை முக்கினேன். ரத்தம் காட்டும் கட்டம் கரும்பச்சையாகிவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் தைப்பூசக் கூட்டமாக மொய்க்கின்றன. 'த்ரீ பிளஸ்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார்.

"மூணு பிளஸ்ஸாக்கா? அப்ப நல்லா வந்திருக்குலா!"

இது பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டர் ஒரு சீன அம்மா. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். வலி உண்டா, காய்ச்சல் உண்டா என்று மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காலையில் என்ன செய்தீர்கள் என்றார். குமரேசன் நெஞ்சை நிமிர்த்தினார். மெடிக்கலில் உடம்பு ஃபிட்டாகத் தெரிய வேண்டும் என்று, விடியும் முன்பே கிளம்பி, பினாங்கு ஹில் என்கிற கொடிமலை உச்சிவரை ஓடி ஏறி இறங்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். முன்பின் ஓடிப் பழக்கமில்லை. குடித்தால் எடை கூடிவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் மொத்தப் புத்தகத்தையும் படிக்கிற ஜாதி.

கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை நன்றாகவே இருந்தது. "கடுமையா ஓடினா சிலருக்கு இப்படி வரும். பெரும்பாலும் தானே போயிரும்" என்று டாக்டர் தைரியம் சொன்னார். மூன்று நாள் எக்சர்சைஸ் கூடாது, நிறையத் தண்ணீர், பிறகு ரிப்பீட். அப்போதும் ரத்தம் இருந்தால் ஸ்கேன் எடுத்து, டியூப் விட்டுப் பார்க்க வேண்டும்.

குமரேசன் வெளியே வந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"டியூப்பு எந்த வழியாக்கா?"

"தண்ணி வர்ற வழியாத்தான் தம்பி."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ரிப்பீட்டுக்கு மனைவி செல்வியோடு வந்தார். நிறம் தெளிந்திருந்தது. ஆனால் டிப்ஸ்டிக் விடவில்லை. டூ பிளஸ்.

"எக்சர்சைஸ் செஞ்சிங்களா?"

"சத்தியமா இல்லக்கா. பிளாட்ல லிஃப்ட்லதான் ஏறுறேன்."

டாக்டர் முகம் மாறியது. ஸ்கேனுக்கு எழுதப் பேனாவை எடுத்தார். மருந்தே இல்லாமல் போக வேண்டிய ரத்தம் போகவில்லை என்றால் அதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு, அதில் நல்லது ஒன்றும் கிடையாது. செல்வி அழவே ஆரம்பித்துவிட்டார்.

"இவ்ளோ செஞ்சும் முருகன் கண்ணத் தொறக்கலியேக்கா. டெஸ்ட்டு நல்லா வரணும்னு தெனம் காலையில தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து, அத்தன படியும் வெறுங்காலோட ஓட்டமா ஏறுனாரு!"

"ஓட்டமாவா?"

"வேலைக்கு லேட்டாயிரும்லக்கா" என்றார் குமரேசன். "கோயில்லேர்ந்து எறங்கி ஃபெரியப் புடிக்கணும்."

"எக்சர்சைஸ் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே தம்பி!"

"அது எக்சர்சைஸ் இல்லக்கா. நேர்த்தி." அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "சாமி காரியத்தப் போயி எக்சர்சைஸ்ங்கிறீங்க."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஃபேக்டரிக்கு அவரே போன் போட்டு ஒரு வாரம் தவணை வாங்கினார்.

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். முருகனிடம் எனக்குச் செல்வாக்கு கிடையாது. இருந்தாலும் சொன்னேன்: "உக்காந்துகிட்டே செய்யற நேர்த்தியா ஒண்ணு வேண்டிக்குங்க."

"அப்படி ஒண்ணு இருக்காக்கா?"

"இருக்கும். கோயில் ஐயரக் கேளுங்க."

வாரம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் சோபாவில் உட்கார்ந்து 'சரவணபவ' சொன்னாராம். எழுந்தால் செல்வி அதட்டினாராம். அடுத்த சாம்பிளில் கட்டம் மஞ்சளாகவே நின்றது. இன்னொரு குச்சி எடுத்து மறுபடி முக்கினேன். மஞ்சள்தான். மைக்ரோஸ்கோப்பிலும் ஒன்றுமில்லை. டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் குமரேசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அதன்பின் யாரிடமும் "எக்சர்சைஸ் செஞ்சிங்களா" என்று நான் கேட்டதில்லை. "நேத்து எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சிங்க" என்றுதான் கேட்பேன். இப்படிக் கேட்டதில் ஒரு சீனப் பையன் ராத்திரி முழுக்கச் சிங்க நடனம் ஆடிவிட்டு வந்தது தெரிந்தது. அது எக்சர்சைஸ் இல்லையாம், பெருநாளாம்.

இப்போது நான் இருக்கும் லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எக்சர்சைஸ் என்று கேட்டால் ஜனங்கள் சப்பாத்துப் போட்டுச் செய்ததை மட்டும்தான் சொல்வார்கள். வெறுங்காலோடு செய்ததை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.