மணியம்மை கட்டாத பூப்பொட்டலம்

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பூக்கட்டி விற்கிறவள் மணியம்மை. கனகம்மாசத்திரத்தில் பிறந்தவள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். முழம் போடும்போது கையை மடக்கிக் குறைக்க மாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயரால்தான் அன்று மதியம் கே.ஜி.கண்டிகை கால்பந்துக் குழுவின் செயலாளர் வீரபத்திரன் அவள் கடைமுன் வந்து நின்றார்.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் குழுவின் தலைமைக் கோச் கஜபதியை நீக்கிவிட்டார்கள். காரணம் மணியம்மையின் மகன் அரசு. அரையிறுதி ஆட்டத்தின் பாதியில் அவன் முட்டி வீங்கியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபாதியும் ஆடினான். நடு மைதானத்தில் விழுந்தவனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஆபரேஷன் செய்தும் கால் பழையபடி மடங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு படியேறிய பிள்ளை இப்போது ஆட்டோவில் மலைக்குப் போகிறான். ‘வீக்கத்தை எங்கிட்ட காட்டவேயில்ல’ என்று அன்றைக்குச் சொன்ன கஜபதி, அந்தப் பேச்சை இன்றுவரை மாற்றவில்லை. காட்டினேன் என்று அரசு தன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். கோச்சை ஊர்முன் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பின் வந்த இரண்டு கோச்சுகளும் நிலைக்கவில்லை. குழுவில் இப்போது பெண்கள் அணியும் உண்டு. மணியம்மையின் இளையவள் துர்கா அதில் ஆடுகிறாள். கஜபதியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று குழுவின் பன்னிரண்டு பேரும் பேசிப் பேசி, ஆறுக்கு ஆறு என்று நின்றுபோனது.

“முருகன்கிட்டயே கேட்டுடலாம்க்கா,” என்றார் வீரபத்திரன். “சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சாமி முன்னால போட்டு எடுப்போம். சிவப்பு வந்தா கோச்சு வரட்டும், வெள்ளை வந்தா வேணாம். நீங்க கட்டிக் குடுத்தா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்.”

மணியம்மையின் கை தானாக அரளிக்குப் போய், நின்றது. இரண்டிலும் வெள்ளையே வைத்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கட்ட மாட்டேன் நைனா.”

“இன்னாக்கா, நீங்களே இப்பிடி சொன்னா?”

“நமக்குப் புரியாததத்தான் சாமிகிட்ட கேக்கணும். இது மனுசன் வாயால சொல்ல வேண்டியது. வீக்கத்தப் பாத்தாரா இல்லியான்னு அவரே சொல்லட்டும். சாயங்காலம் கிரவுண்டுக்கு வரச்சொல்லு, நானும் வரேன்.”

“நீங்க மெம்பர் இல்லியேக்கா.”

“என் புள்ள காலு மெம்பர்தானே.”

சேதி கேட்டுத் துர்கா கடைக்கு ஓடிவந்தாள். “யம்மா, நீ போய்ப் பேசினா அவரு வரவே மாட்டாரு. எங்க டீமு அவ்ளோதான்.”

“வந்து உன் காலயும் ஒடச்சா?”

“அதெல்லாம் நான் பாத்துக்குவேன்.”

“உங்க அண்ணனும் இதத்தான் சொன்னான்,” என்றாள் மணியம்மை.

ஐந்து மணிக்கு, கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். கோல்போஸ்ட் அருகில் கஜபதி கைகட்டி நின்றிருந்தார். நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர், யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

கூடியிருந்த குழுவினரில் ஒருவன் கேட்டான்: “யக்கா, ஒரு டீமுக்கு எத்தினி பேருன்னு தெரியுமா உனுக்கு?”

“தெரியாதுப்பா. ஒருத்தன் நொண்டுனா தெரியும்.”

சிரித்தவர்கள் அடங்கினார்கள். அவள் கஜபதியின் பக்கம் திரும்பினாள்.

“உங்கள ஏசறதுக்கு நான் வரலீங்க. ஒண்ணே ஒண்ணு. எம்புள்ள அன்னிக்கு முட்டிய உங்ககிட்ட காட்டினானா?”

“அவன்தாம்மா ஆடறேன்னு...”

“பதினெட்டு வயசுப் புள்ள ஆடறேன்னுதான் சொல்லுவான். காட்டினானா?”

கஜபதி தரையைப் பார்த்தார். ஒரு மாடு மைதானத்தின் குறுக்கே நடந்து போனது, யாரும் விரட்டவில்லை. மணியம்மை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“காட்டினான்,” என்றார் கடைசியில். “மாங்கா சைசுக்கு வீங்கிக்கினு இருந்துச்சு. நான்தான் துணிய இறுக்கிக் கட்டி அனுப்பினேன். கப்பு மேலயே கண்ணா இருந்துட்டேன். அப்புறம் பொய் சொன்னேன்.”

அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் முகம் செத்துப்போனது. “ஒண்ணர வருசமா உனுக்காகச் சண்ட போட்டுகினு இருந்தோமே பாவா,” என்றான் அவருக்கு மைத்துனன் முறையான ஒருவன்.

“இனிமே பேச இன்னா இருக்குது,” என்றார் வீரபத்திரன். “எல்லாருமே வேணாம்னுதான் சொல்லப்போறாங்க. கெளம்புங்க சார்.”

கஜபதி நடக்கத் தொடங்கினார்.

“நில்லுங்க,” என்றாள் மணியம்மை. “இதுவரைக்கும் நானும் வேணாம்னுதான் இருந்தேன். மறைக்கிறவர்கிட்ட எம்பொண்ண விட எனக்கு மனசில்ல. இப்ப சொல்லிட்டாரு. அவரே இருக்கட்டும்.”

“கால ஒடச்சவரையே கூப்புடறியாக்கா?”

“ஆங். ஒரு முட்டி போனா ஒரு வூடு இன்னா ஆவும்னு இவருக்குத் தெரிஞ்சிபோச்சு. புதுசா வர்றவரு அதக் கத்துக்கறதுக்கு இன்னொரு புள்ள காலு வேணுமா?” அவள் கஜபதியைப் பார்த்தாள். “மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. அதுக்கு நாளாவும், இது வேற. வலின்னு சொன்னா உக்கார வைங்க. சொல்லலன்னாலும் பாத்து உக்கார வைங்க. ஒரு தடவ தவறினாலும் நானே வந்து உங்கள அனுப்புவேன்.”

கஜபதி வேண்டும் என்பவர்களை மறுபடி கை தூக்கச் சொன்னார்கள். பன்னிரண்டில் எட்டுக் கைகள் உயர்ந்தன.

கஜபதி நேராக, ஆட வந்திருந்த பெண்கள் நின்ற வரிசைக்குப் போய் ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்துக்கொண்டு வந்தார். துர்காவிடம் நின்றார்.

“கணுக்கால்ல இன்னா?”

“லேசான சுளுக்கு சார். ஓடிடுவேன்.”

“போய் உக்காரு.”

துர்கா புழுதியை உதைத்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். “சந்தோசமா உனுக்கு?”

“ஆங்,” என்றாள் மணியம்மை.