கழுவாத கேரியர்

என் வீட்டுக்காரர் மைசூரிலிருந்து மங்களூருக்குப் பஸ் ஓட்டினார். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு நாள் மலையிறங்கிப் போவார், ராத்திரி அங்கே தங்குவார், மறுநாள் சாயங்காலம் திரும்புவார். கல்யாணமானதிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டைதான். நான் சோறு கட்டிக்கொடுக்கும் பித்தளைக் கேரியரை அந்த மனுஷன் ஒரு தடவைகூடக் கழுவிக் கொண்டுவந்ததில்லை. புளிசாதம் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் வீடே நாறும்.

“மங்களூர்ல தண்ணிக்கா பஞ்சம்? வானம் பொத்துக்கிட்டு ஊத்துதுன்னு நீங்கதானே சொல்றீங்க!” என்பேன்.

“உன் கை பட்டாத்தான்டி அது பளபளக்குது” என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றுவார். நான் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். அதற்குள் குறட்டை கேட்கும்.

அந்த ஜூலையில் மைசூரில் பேருக்குத்தான் தூறல். மத்தியானம் வெயில்கூட அடித்தது, கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டது. அவர் வரவேண்டிய சாயங்காலம் பஸ் வரவில்லை. வழியில் பஞ்சர் ஆகியிருக்கும் என்று குழம்பை மறுபடி சுடவைத்தேன். மறுநாளும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கே காபி ஹோட்டல் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கரையோரம் முழுக்கப் பேய்மழை, ஆறுகள் ரோட்டை மூடிவிட்டன, இன்னும் மழை இருக்கிறது, திடீர் வெள்ளம் வரலாம், ஆற்றோரம் யாரும் போகவேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

பாதி வழியில் மலைமேல் இருக்கும் மடிகேரியிலிருந்து வந்த டிரைவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். மலைக்குக் கீழே எந்த வண்டியையும் விடவில்லை என்றார்கள். டிக்கெட் கொடுக்கும் கிளார்க், ஒன்றும் ஆகாதம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று கன்னடத்தில் தேற்றினார். “உங்க வீட்டு ஆளா இருந்தா நீங்க போவீங்களா?” என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வீட்டில் கேரியர் மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். ஜெபம் எங்கே வந்தது, சண்டைதான் வந்தது. “எத்தனை மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கேன், ஒரு மனுஷனைத் திருப்பித் தர முடியாதா உன்னால?” என்று மாதாவிடமே கேட்டேன். பிறகு பயந்துபோய், தப்புதான் தாயே, தப்புதான் என்று தரையில் தலையை மோதிக்கொண்டேன். ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மழை விட்டு வழி திறந்த பிறகு, ஒரு மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவருடைய பஸ்ஸின் கண்டக்டர். கௌதள்ளி ஊர்த் தமிழர், எங்களைவிட மூத்தவர். தனியாக நின்றார். கையில் எங்கள் கேரியர்.

“அவர் எங்கண்ணே?”

“திரும்பி வர்றப்ப மலையடிவாரத்துல ஓடைத் தண்ணி ரோட்டு மேல போச்சுங்க அம்மிணி. முழங்காலளவுதான். அடியில பாலம் இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்னு இறங்குனாரு. எப்பவும் அவருதான இறங்குவாரு. பாதி தூரம் போயித் திரும்பி, இருக்குதுன்னு கையைக் காட்டுனாரு. அப்ப மலையிலிருந்து தண்ணி மொத்தமா வந்துருச்சுங்க. பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் பத்திரமுங்க. அவரை மட்டும்... ஆறு கடல்ல சேர்ற வரைக்கும் தேடிட்டோமுங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. கேரியரைப் பிடுங்கி மூடியைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. என் முகம் தெரிந்தது.

“இதை யார் கழுவினது?”

“நாந்தானுங்க. நாத்தமடிச்சுது. அப்படியே கொண்டாந்து குடுக்க மனசு வரலீங்க.”

நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். “உங்களை யாருண்ணே கழுவச் சொன்னது? அவர் சாப்பிட்ட கை பட்டிருக்குமே! ஓரத்துல ஒட்டின ஒரு பருக்கையாவது விட்டிருக்கக் கூடாதா?”

அவர் அப்படியே நின்று அழுதார். நான் வாசலிலேயே உட்கார்ந்து, அடுக்கு அடுக்காகப் பிரித்து, விளிம்பு மடிப்பில் நகத்தை விட்டுக் கிளறினேன். ஒன்றுமே இல்லை.