மேட்டில் கொதித்த ஜீப்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் ஏரியூரில் பழைய ஜீப்பை என்னைப் போல வைத்திருப்பவர் யாரும் இல்லை. வெயிலுக்குச் சூடேறக் கூடாது என்று பெரிய ரேடியேட்டரும் புது ஃபேனும் நானே மாட்டினேன்.

போன சித்திரையில் நடுப்பகலில் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி.

"என் வண்டி இருக்கையில அது எதுக்கு?" என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பென்னாகரம் போகும் மேட்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, ஆவி பறந்தது. நிறுத்தினேன். பின்சீட்டில் அவள் முனகினாள்.

"எல்லாம் புதுசு! ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று கத்தினேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "காத்து எப்படிங்க மாமா உள்ள போவும்? முன்னாடி பூரா உங்க பேர்ப்பலகைதானுங்க அடைச்சிருக்குது. மொதல்ல அதக் கழட்டுங்க!" என்றாள்.

முந்தைய வாரம்தான் பித்தளை எழுத்தில் ஆசையாகச் செய்து மாட்டிய பலகை. கழற்றிப் புதரில் எறிந்தேன். சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். முள் ஏறவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பேத்தி பிறந்தாள். தக்க நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மருமகள் சிரித்தாளே தவிர, நடந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதிவிட்டேன்.